அடைக்கலக்குருவிக்கு ஒரு முட்டி



வீட்டு வளவு பெண்களின் இராச்சியம். கிணற்றடி, முருங்கை மரம், கோழிக்கூடு, உடுப்புக் காயப்போடும் கொடி என்று நாளில் பாதியை நாம் அங்கேதான் கழிக்கிறோம். அதே வளவில் நமக்குத் தெரியாமலே வேறு சில குடும்பங்களும் பிள்ளை வளர்க்கின்றன. அவற்றைக் கவனித்திருக்கிறீர்களா?

மாதுளைக் கொப்பின் நுனியில் ஒரு கைப்பிடிக் குப்பை தொங்குவது போலத் தெரியும். விளக்குமாற்றால் தட்டிவிடாதீர்கள். அது தேன்சிட்டின் கூடாக இருக்கலாம். நம் பகுதியில் சாதாரணமாகக் காணப்படும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டில் கூடு கட்டுவது பெண் பறவைதான். மெல்லிய நார்களைச் சிலந்தி வலையால் பிணைத்து, வெளியே மரப்பட்டைத் துண்டுகளை ஒட்டிவிடும். பெரும்பாலும் இரண்டு முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி 14 முதல் 16 நாட்கள் அடைகாக்கும். குஞ்சு வெளிவந்து சுமார் 17 நாட்களில் பறந்துவிடும். ஆக, நம்மிடம் அது கேட்பது ஏறக்குறைய ஒரு மாதப் பொறுமை மட்டுமே.

அடைக்கலக்குருவியின் கதை வேறு. அது மனிதரை அண்டியே வாழும் பறவை. பெயரே அதைச் சொல்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த மக்களுக்கு அடைக்கலம் தந்த மண் நம் புத்தளம். ஓர் இடத்தில் ஒதுங்கக் கூரை கிடைப்பதன் அருமை நமக்குத் தெரியாததல்ல. கிடுகுக் கூரையிலும் ஓட்டு இடுக்கிலும் கூடு கட்டிய குருவிக்கு, இடுக்கே இல்லாத சீமெந்துக் கல் வீட்டில் இடம் ஏது? கல்வீடு நமக்குக் கட்டாயம் வேண்டும். அதன் விறாந்தையில் குருவிக்கு ஒரு மண் முட்டி தொங்கவிடுவது நம் நாட்டின் பழைய வழக்கம். அதையும் விட்டுவிடாமல் இருந்தாற் போதும்.

“குருவியால் நமக்கு என்ன பயன்?” என்று சிலர் கேட்பதுண்டு. வளர்ந்த குருவி தானியம் தின்னும். ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டும். சீனாவில் 1958ஆம் ஆண்டு, தானியத்தைத் தின்கிறது என்று குருவிகளைக் கோடிக்கணக்கில் கொன்றார்கள். பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகின. 1960இல் குருவியை ஒழிக்க வேண்டிய பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதற்குள் பெரும் பஞ்சம் வந்துவிட்டது. அதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

கற்பிட்டிப் பக்கம் வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு மருந்தடிக்கும் வாசம் பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கத்தில், வீட்டுக் கத்தரிச் செடியில் நான்கு புழுக்களைக் கண்டாலும் மருந்துப் போத்தலைத் தேடுகிறோம். மருந்து புழுவோடு நிற்பதில்லை. அந்தப் புழுவைத் தாய்க்குருவி குஞ்சுக்கு ஊட்டுகிறது. அந்தச் செடியின் காயை நாம் நம் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். இரண்டு தாய்களுக்கும் ஆபத்து ஒன்றுதான். நாலைந்து செடிகளில் புழுவைக் கையால் பிடுங்கிப்போட எத்தனை நேரம் ஆகும்?

கரையோரத்தில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு. மீன் கழுவிய கழிவை வளவில் எறிந்தால் காகம் கூடும். அதே காகம் பக்கத்துக் கூட்டின் முட்டையையும் குஞ்சையும் கொத்திக்கொண்டு போகும். கழிவைத் தென்னையடியில் குழி வெட்டிப் புதைத்தால் மரத்துக்கும் பசளையாகும்.

சகோதரிகள் செய்யக்கூடியவை:

* இரண்டு விரல் நுழையுமளவு துளையிட்ட முட்டியை, பூனை எட்டாத உயரத்தில், வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். மின்விசிறிக்கு அருகில் வேண்டாம்.
* கோடை காலத்தில் தட்டையான மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு பெருகும்.
* வேலியை வெட்டுமுன் உள்ளே கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.
* கூட்டைத் தொடாமல், தூர நின்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

2010 முதல் மார்ச் 20ஆம் திகதி உலக சிட்டுக்குருவி தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சந்தையில் ஒரு முட்டி வாங்க அதிகம் செலவாகாது. இந்த வாரமே பிள்ளையின் கையால் அதைத் தொங்கவிடச் செய்யுங்கள்.