மூன்று மாத மௌனம் யாருக்காக?

"மூணு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே." திருத்தணிப் பக்கம் நாள் தள்ளிப்போன மருமகளுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் ஆலோசனை பெரும்பாலும் இதுதான். தமிழ் பேசும் வீடு, தெலுங்கு பேசும் வீடு என்ற வித்தியாசம் இதில் கிடையாது. 1960-ல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறிய ஊர் இது. கண்பட்டுவிடும் என்ற பயத்துக்கு எல்லைக்கோடு ஏது?

அக்கம்பக்கத்தாருக்குச் சொல்வதும் சொல்லாததும் அந்தப் பெண்ணின் விருப்பம். ஆனால் இந்தத் தடை பக்கத்து வீட்டோடு நிற்பதில்லை. தெருவுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமும் "விசேஷம் ஒண்ணுமில்லைம்மா" என்று சொல்ல வைக்கிறது. அங்கேதான் அது ஆபத்தாகிறது.

கணக்கைப் பாருங்கள். மருத்துவர்கள் கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் ஓடியிருக்கும். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவேண்டிய நரம்புக் குழாய் ஆறாவது வார முடிவுக்குள் மூடிக்கொள்கிறது. மிச்சம் இருப்பது இரண்டே வாரம். அது சரியாக மூட உதவுவது ஃபோலிக் அமிலம், தினம் 400 மைக்ரோகிராம். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால் உத்தமம். முன்பு நரம்புக் குழாய்க் குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களிடம், ஏழு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1991-ல் வெளிவந்தது. அவர்களுக்குக் கூடுதல் அளவில் இந்த மாத்திரை கொடுத்ததில், அதே குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. மூன்று மாதம் கழித்து ரகசியத்தை உடைத்து, அப்புறம் மாத்திரையைத் தொடங்கினால் மூடாத குழாய் மூடாது.

இந்தச் சத்தைத் தேடிய கதையே நம் நாட்டில் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் அதைக் குணப்படுத்துவதை 1931-ல் எழுதினார். அதில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலேட் எனப்பட்டது.

"கலைஞ்சுட்டா அசிங்கமாயிடுமே" என்பது மௌனத்துக்குச் சொல்லும் இன்னொரு நியாயம். உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன. தொடக்க வாரக் கலைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. ஆனால் வீட்டில் விசாரணை வேறு மாதிரி நடக்கும். "ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறினாளா? 365 படியும் ஏறினாளா? பப்பாளித் துண்டு தின்னாளா?" ஆரோக்கியமான கர்ப்பிணி படி ஏறியதால் கரு கலையாது. பழுத்த பப்பாளி கலைக்கும் என்பதற்கும் சான்றில்லை. யாருக்கும் தெரியாமல் சுமந்தவள், யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டு பழியையும் சுமக்கிறாள். இதில் அசிங்கப்பட வேண்டியது யார்?

மௌனம் உயிரைக் குடிக்கும் இடமும் உண்டு. கரு கருப்பைக்குள் தங்காமல் கருமுட்டைக் குழாயிலேயே வளர்ந்தால், ஆறு முதல் எட்டாவது வாரத்தில் அடிவயிற்றில் ஒருபக்க வலி, ரத்தப்போக்கு, மயக்கம், தோள்பட்டை வலி என்று தலைகாட்டும். குழாய் வெடித்தால் ரத்தம் உள்ளேயே கொட்டும். அதை "மசக்கை அப்படித்தான் இருக்கும்" என்று படுக்க வைத்துப் பார்ப்பது கொடுமை. உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் அது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, முதல் தவணைக்கு அரசு வைத்த நிபந்தனையே 12 வாரத்துக்குள் பதிவு என்பதுதான். காரணம் மேலே சொன்னதுதான்.

மாமியார்களே, ஊருக்குச் சொல்ல வேண்டாம். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைப்பதானாலும் உடையுங்கள். நாள் தள்ளிப்போன வாரமே மருமகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.