பூனையும் ஒரு ஜோடி செருப்பும்

டிசம்பர் வந்துவிட்டது. எங்கள் பகுதியில் சேலை, பிரியாணிப் பொட்டலம், போட்டோ மூன்றும் சேர்ந்து வரும் மாதம். கொடுக்கிறவர்களைக் குறை சொல்ல மனமில்லை. வாங்குகிறவருக்கு அன்றைக்கு வயிறு நிறைகிறது. ஆனால் கிறிஸ்துவின் மனதுருக்கம் இதுதான் என்று மைக்கில் சொல்லும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

நல்ல சமாரியன் கதையில் எண்ணெய் வார்த்துக் காயம் கட்டியதைப் பிரசங்கத்தில் விரிவாகச் சொல்வார்கள். மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போன இடம் வருவதற்குள் பிரசங்கம் முடிந்துவிடும். எனக்கென்னவோ கதையின் உயிரே அந்தச் செலவுக் கணக்கில் இருப்பதாகத் தோன்றும்.

டாக்டர் பால் பிராண்டை நம் வயதுக்காரர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். பஸ்ஸில்கூட அவர்களை ஏற்றாத காலம் அது. அதோடு நின்றிருந்தாலும் புகழ்ந்திருப்போம்.

கை சரியானவர்கள் திரும்பி வந்து முறையிட்டார்கள். விரல் நேரான பிறகு பிச்சை சரியாக விழவில்லை. வேலை கொடுக்கவும் ஆளில்லை. உடனே அவர்கள் தங்கித் தச்சுவேலை பழக ஓர் இடத்தை உண்டாக்கினார். அங்கே இன்னொரு சங்கடம். இரவு படுத்தவருக்குக் காலையில் விரலில் ஒரு துண்டைக் காணோம்! கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால், எலி. உணர்ச்சியற்ற விரல், கடிப்பது தெரியவில்லை. அதன்பின் வீட்டுக்குப் போகிறவர்களோடு ஆளுக்கொரு பூனையும் போனது.

அதே போலத்தான் செருப்பும். மரத்துப்போன காலில் புண் வராமலிருக்க வேலூரிலும் கரிகிரியிலும் மிருதுவான ரப்பரை வைத்துச் செய்து பார்த்தார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் நாம் இன்று போடுகிற எம்.சி.ஆர். செருப்பின் பூர்வீகம் அதுதான். இதை எழுதும்போதும் என் காலில் அதுதான் கிடக்கிறது.

அதனால்தான் சபைக் கூட்டத்தில் சொன்னேன்: இருநூறு பொட்டலத்துக்குப் பதில் மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம், வருஷம் முழுவதும். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்க யார் இருக்கிறார்கள், மாத்திரை தீர்ந்தால் யார் வாங்குவது, பெரியாஸ்பத்திரிக்கு யார் கூடப் போவது என்று பார்ப்போம். "போட்டோவுக்கு என்னங்க செய்வது?" என்றார் ஒரு தம்பி. விளையாட்டாகக் கேட்கவில்லை.

பிராண்டின் தாயார் ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பிப் போய் ஊழியம் செய்தார். 1974-இல் இறக்கும்போது வயது 95. நமக்கு மலையேற முடியாது. ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் உட்கார முடியும். செவ்வாய், வெள்ளி காலைகளுக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலருகே நிற்பேன்.