கொக்கியா, விளிம்பா?

ரவை என்றதும் உப்புமா நினைவுக்கு வந்தால் மன்னிக்கவும். போலீஸ் பாஷையில் அது தோட்டா. ஆயுதக் கிடங்கில் பல வருஷம் எண்ணெய்த் துணியும் கையுமாக இருந்தவன் நான். துப்பாக்கி என்றால் எல்லோரும் தூரத்தையும் குறியையும் பேசுவார்கள். மேகசினில் இருக்கும் ரவை சேம்பருக்குள் எப்படிப் போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

போல்ட் இழுத்துச் சுடும் ரைஃபிளில் இதற்கு முக்கியமாக இரண்டு வழி. ஜெர்மனியின் 1898 மவுசரில், ரவை மேகசினை விட்டு மேலெழும்போதே அதன் அடிவிளிம்பு போல்ட்டின் நீண்ட கொக்கிக்குள் நழுவிவிடும். சுட்ட கூடு வெளியே விழும்வரை அந்தப் பிடி விடாது. 1962-ல் வந்த அமெரிக்க ரெமிங்டன் 700-ல், போல்ட் ரவையை வெறுமனே தள்ளிக்கொண்டு போகும். கடைசியில்தான் சின்னக் கொக்கி கவ்வும்.

தள்ளும் முறை செய்ய மலிவு. நிதானமாகக் குறிபார்த்துச் சுடுபவருக்கு அது தாராளமாகப் போதும். பயந்த கைக்குத்தான் வித்தியாசம் தெரியும். பயந்தவன் போல்ட்டை முக்கால் வழி தள்ளிவிட்டு மறுபடி இழுப்பான். மவுசரில் அந்த ரவையும் கூடவே வந்து வெளியே விழும். மற்றதில் அது சேம்பரிலேயே தங்கிவிடும்; அடுத்த ரவை அதன் முதுகில் போய் முட்டும். வின்செஸ்டர் 70-ல் 1964-ல் செலவைக் குறைக்க அந்தப் பெரிய கொக்கியை எடுத்தார்கள். வேட்டைக்காரர்கள் 64-க்கு முந்தையதையே தேடித்தேடி வாங்கினார்கள். 1990-களில் கம்பெனியே கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்தது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நம் 303 மட்டமா?" என்று கேட்பீர்கள். லீ-என்ஃபீல்டில் மவுசர் கொக்கி கிடையாது. ஆனாலும் போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடும். கை பாதியில் நிற்காது. அதன் தொல்லை வேறு இடத்தில். 303 ரவையின் அடிவிளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டினால் போல்ட் அசையாது. ரஷ்யர்களுக்கும் விளிம்பு ரவைதான். அவர்கள் 1891-லேயே, இரண்டாவது ரவையை அமுக்கிப் பிடிக்க ஒரு சின்னத் தகட்டை வைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் அதைச் சிப்பாயின் விரலுக்கே விட்டுவிட்டான்.

சுடுதளத்தில் நான் பார்த்த அடைப்புகளில் பெரும்பாலானவை தப்பாக அடுக்கியதாலும், மேகசினைக் கல்லில் தட்டித் தூசி போக்கி அதன் உதட்டை வளைத்ததாலும் வந்தவை. அடைப்பு அதோடு முடிந்தால் பரவாயில்லை. புதுப் பையன் பதறிப்போய் ரைஃபிளைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்ப்பான். அப்போது குழல் பக்கத்தில் படுத்திருப்பவனின் விலாவைப் பார்த்துக்கொண்டிருக்கும். எத்தனை முறை கத்தியிருப்பேன்!

ஆகவே, புலிக்கு முன் தனியாக நிற்பவருக்கு மவுசர் கொக்கிதான் என்பேன். நூறு பேருக்கு ஒரே நாளில் துப்பாக்கி கொடுக்க வேண்டிய படைக்கு, கொக்கியைவிட விளிம்பு துருத்தாத ரவைதான் பெரிய உபகாரம். 1960-களில் இஷாப்பூர் தொழிற்சாலை அதே என்ஃபீல்டை 7.62 ரவைக்கு மாற்றி, 12 ரவை மேகசினோடு தந்தது. போல்ட் பழைய மாதிரிதான், பெரிய கொக்கி எதுவும் சேர்க்கவில்லை. எந்த விளிம்பு முன்னே, எது பின்னே என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. அது எங்கள் கைக்கு வந்த பிறகு, "ஐயா, அடைச்சுக்கிச்சு!" என்று கை தூக்குபவர்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள்.