பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழித்துவிட அவசரம் ஏன்?

தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டூடியோக்காரர்களும் விளையாட்டில் நாட்டமுள்ள கல்லூரி மாணவர்களும் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்க முற்படும்போது, பிராசஸர், மதர்போர்டு, ராம் ஆகியவற்றோடு நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது அநாவசியமான செலவு என்பது என் திடமான அபிப்பிராயம்.

2016-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 75 வாட்டுக்குள் அடங்கி, இன்றைய மதர்போர்டின் பிசிஐஇ ஸ்லாட்டிலும் தடையின்றிப் பொருந்தும். தலைமுறைகள் மாறினும் பழையதை ஏற்கும் வண்ணமே அந்த இணைப்பு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. விசிறியையும் ஹீட்சிங்கின் இடுக்குகளையும் அடைத்திருக்கும் தூசியை மென்மையான பிரஷ்ஷால் நீக்கி, சிப்பின்மேல் சுண்ணாம்புபோல் காய்ந்து கிடக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினால், சித்திரை வெயிலிலும் அதன் உஷ்ணம் தணியும்.

எல்லையும் உண்டு. அதன் 4 ஜிபி நினைவகம் கனமான 4கே வீடியோ எடிட்டிங்கிற்குப் போதாது; அதைத் தயாரித்த என்விடியாவும் இத்தலைமுறைக் கார்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டுமே 2028 அக்டோபர் வரை அளிப்பதாக அறிவித்திருக்கிறது. ஆயினும் போட்டோ திருத்தவும் ஆல்பம் வடிவமைக்கவும் அதன் சக்தி தாராளம். மிஞ்சும் பணத்தை எஸ்எஸ்டியிலும் தரமான பவர் சப்ளையிலும் போடுவதே விவேகம்.

புதுக் கார்டு அவசியமேயானால், பழையதைப் படிக்கிற பிள்ளைகளின் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். செம்பெடுப்பதற்காகச் சர்க்யூட் போர்டுகளைக் கொளுத்தும் நச்சுப்புகை முல்லைப்பெரியாற்றுப் பாசன வயல்கள்மீது படியலாகாது. ஆகையால் அறவே பழுதான கார்டைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாமல், 2023 ஏப்ரல் முதல் அமலிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்கவேண்டும்.