நேமத்தில் சரக்குக்கும் இடம் வேண்டும்: ஆரியசாலையின் நிலைப்பாடு

திருவனந்தபுரத்தின் தென்பகுதியில் நடக்கும் ரயில் கட்டுமானம் குறித்தும், அதையொட்டி வரப்போகும் தொழில் கட்டுமானம் குறித்தும் ஆரியசாலை வணிகர்களும் சுமட்டுத் தொழிலாளர்களும் குடியிருப்போரும் சேர்ந்த எங்கள் அமைப்பு கூடிப் பேசி எடுத்த நிலைப்பாடு இது. கட்டுமானத்தை நாங்கள் ஆதரிக்கிறோம். நேமம் முனையம் முடிய வேண்டும். கன்னியாகுமரி வரை இரட்டைப் பாதை முடிய வேண்டும். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ரயில் போக வேண்டும். ஆனால் நேமத்தில் கூட்ஸ் ஷெட் இல்லாமல் பயணிகள் வண்டிகளுக்கு மட்டும் முனையம் கட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. தொழிற்கூடம், கிடங்கு என்று சொல்லி வெள்ளாயணிப் பக்கத்து வயலையும் நீர்ப்பிடிப்பையும் மண் போட்டு நிரப்புவதை எதிர்க்கிறோம்.

ஆரியசாலைக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்கள் எங்கள் சாலைக் கம்போளத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மன்னர் தர்மராஜா காலத்தில் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய சந்தை இது. அன்று முதல் இன்று வரை இங்கே அரிசி, பருப்பு, வெங்காயம், வற்றல், வெல்லம், துணி, பாத்திரம் என்று விற்கிற பொருள்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. அதை விற்கிற குடும்பங்களும் பல தலைமுறைக்கு முன் அங்கிருந்து வந்தவைதான். ஒவ்வொரு நவராத்திரிக்கும் வேளிமலை முருகன் வந்து தங்குவது ஆரியசாலைக் கோயிலில். அவர் நெய்யாற்றின்கரை தாண்டிக் கரமனை வழியாக வருகிற அதே சாலையில்தான் எங்கள் சரக்கு லாரிகளும் வருகின்றன.

ரயில் இந்த ஊருக்கு 1918இல் வந்தது. கொல்லத்திலிருந்து வந்த அந்தப் பாதை அப்போது சாக்கையோடு நின்றது. 1931இல் தம்பானூர் வரை நீண்டபோது ரயிலுக்கும் சாலைக் கம்போளத்துக்கும் இடையே நடக்கிற தூரம்தான். 1979இல் நாகர்கோவில், கன்னியாகுமரிப் பாதை திறந்தது. அதே ஆண்டு திருவனந்தபுரம் கோட்டமும் உருவானது. நாஞ்சில் நாட்டு நெல்லும் திருநெல்வேலிச் சீமைச் சரக்கும் இனி ரயிலில் வந்து இறங்கும் என்று எங்கள் பெரியவர்கள் நம்பினார்கள். வந்தது ஆட்கள். சரக்கு லாரியிலேயே தொடர்ந்தது. தம்பானூரில் இன்று நடைமேடைக்கே இடம் போதவில்லை. பார்சல் ஆபீஸைத் தாண்டி அங்கே சரக்குக்கு வழியில்லை.

நெருக்கடியைக் குறைக்க வடக்கே கொச்சுவேளி, தெற்கே நேமம் என்று இரண்டு துணை முனையங்கள் திட்டமிடப்பட்டன. கொச்சுவேளி வளர்ந்தது. நேமத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அதன்பின் ஆண்டுக்கணக்கில் வேலை நகரவில்லை. திட்டமே கைவிடப்படுமோ என்ற பயம்கூட எழுந்து, பிறகு மறுபடியும் கையில் எடுக்கப்பட்டது. 2024இல் கொச்சுவேளி ‘திருவனந்தபுரம் நார்த்’ ஆயிற்று, நேமம் ‘திருவனந்தபுரம் சவுத்’ ஆயிற்று. பெட்டிகளைக் கழுவிப் பராமரிக்கும் பிட் லைன்கள், வண்டி நிறுத்தும் பாதைகள், நடைமேடைகள் என்றுதான் நேமம் பற்றிய பேச்சு முழுக்க இருக்கிறது. அவை தேவைதான். சரக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதே எங்கள் குறை.

ரயிலில் சரக்குக் கொண்டுவரச் சாலைக் கம்போள வணிகருக்கு ஏன் முடியவில்லை என்பதை விளக்கிச் சொல்லியாக வேண்டும். ரயில்வே ரேக் கணக்கில்தான் சரக்கு ஏற்றுகிறது. மூடிய வேகன்கள் 42 கொண்ட ஒரு ரேக்கில் 2,500 டன்னுக்கு மேல் ஏறும். பத்துச் சக்கர லாரியில் ஏறுவது 16 முதல் 18 டன். அதாவது ஒரு ரேக் வந்து நின்றால் கரமனைச் சாலையில் ஏறத்தாழ 150 லாரி குறையும். ஆனால் சாலைக் கம்போளத்தில் எந்தத் தனிக் கடைக்காரரால் ஒரே நேரத்தில் 2,500 டன் வாங்கி இறக்க முடியும்? இறக்குவதற்குக் கிடைப்பதும் சில மணி நேரம்தான். அதற்குள் வேகனைக் காலி செய்யாவிட்டால் டெமரேஜ் ஏறும், இறக்கிய மூடையை ஷெட்டிலிருந்து எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் ஏறும். ராத்திரி ரெண்டு மணிக்கு ரேக் வந்தாலும் அப்போதே ஆள் வேண்டும், வெளிச்சம் வேண்டும், மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டும், மூடையை வைக்கப் பக்கத்திலேயே கிடங்கு வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் ரயில் சரக்கு கட்டுப்படியாகும். சிறிய நகரங்களின் மொத்த வியாபாரம் ரயிலை விட்டு விலகியதற்கு இதுவே பெரிய காரணம்.

இதற்கு வழி இருக்கிறது. முழு ரேக்குக்குப் பதிலாகக் குறைந்த வேகன்கள் கொண்ட மினி ரேக்கை ரயில்வே அனுமதிக்கிறது. வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு மினி ரேக்கை நிரப்ப முடியும். 2021 டிசம்பரில் ரயில்வே அறிவித்த கதி சக்தி சரக்கு முனையக் கொள்கைப்படி ரயில்வே நிலத்திலோ வெளி நிலத்திலோ தனியார் சரக்கு முனையம் கட்டலாம். சரக்கு தொடர்பான வேலைகளுக்கு ரயில்வே நிலத்தை 35 ஆண்டு குத்தகைக்குத் தர 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. நேமம் முனையத்தின் வரைபடத்தில் சரக்குக்கு ஒரு முழுநீளப் பாதையையும், லாரி வந்து திரும்புகிற அகலத்தில் ஒரு தளத்தையும் இப்போதே ஒதுக்கிவிட்டால் மற்றதைப் படிப்படியாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டி முடித்த பிறகு கேட்டால் இடம் இருக்காது. தம்பானூரில் நாங்கள் கண்டது அதுதான்.

இரட்டைப் பாதையும் இதோடு சேர்ந்த விஷயம். திருவனந்தபுரம் – கன்னியாகுமரி ஒற்றைப் பாதையில் எக்ஸ்பிரஸ் போவதற்காகக் கூட்ஸ் வண்டி ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஒதுங்கி நின்றது. அது எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று சொல்ல முடியாத நிலையில் எந்த வியாபாரி ரயிலை நம்புவார்? முழுத் தூரமும் இரட்டையானால்தான் நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடியிலிருந்து நேரம் சொல்லிச் சரக்கு வரும்.

அடுத்தது விழிஞ்ஞம். 2024 ஜூலையில் முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் வந்து, 2025 மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகம் அது. ஒரு கப்பலிலிருந்து இறக்கிய கன்டெய்னரை இன்னொரு கப்பலில் ஏற்றுவதுதான் அதன் முதன்மையான தொழில். அந்தப் பெட்டி நகரத்துக்குள் வராமலே திரும்பிப் போய்விடும். நகரத்துக்கு வேலையும் வியாபாரமும் கிடைக்க வேண்டுமானால் பெட்டி கரைக்கு வந்து திறக்கப்பட வேண்டும். அதற்கு விழிஞ்ஞத்திலிருந்து பாலராமபுரம் வரை 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை திட்டமிடப்பட்டிருக்கிறது. அதில் 9 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். கொங்கண் ரயில்வே அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. அந்தப் பாதை பிரதான பாதையைத் தொடும் இடத்துக்கும் நேமத்துக்கும் அதிகத் தூரமில்லை. துறைமுகச் சரக்கும் நகரச் சரக்கும் கூடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் திருவனந்தபுரத்தில் இல்லை.

சுரங்கம் போகும் நிலத்துக்கு மேலே வீடுகள் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. பாலராமபுரம் நெசவூர். பாலராமவர்மா ஆட்சிக் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து கூட்டிவந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்கள் குழித்தறியில் நெய்த ஊர். அந்தப் புடவைக்கும் வேட்டிக்கும் புவிசார் குறியீடு உண்டு. தறிக்குழி தரையில் பதிந்தது. தரை அதிர்ந்தாலும் நிலத்தடி நீர் இடம் மாறினாலும் முதலில் கெடுவது அதுதான். வேலை தொடங்கும் முன் பாதைக்கு மேலும் அருகிலும் உள்ள ஒவ்வொரு வீட்டையும் கிணற்றையும் தறியையும் படம் எடுத்துப் பதிவு செய்து, அதன் நகலை வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். விரிசல் விட்ட பிறகு, இது பழைய விரிசலா புதிய விரிசலா என்று ஏழையை அலைய விடக் கூடாது.

இனி நிலம். ரயில் வரும் இடத்தில் தொழில் வரும், தொழில் வரும் இடத்தில் நில விலை ஏறும், நில விலை ஏறினால் வயல் காணாமல் போகும். நேமத்துக்குப் பக்கத்தில் வெள்ளாயணிக் காயல் இருக்கிறது, அதையொட்டிப் புஞ்சக்கரி வயல்கள் இருக்கின்றன. காயல் நன்னீர். கேரளத்தின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் வந்தது. சட்டம் இருந்தும், ‘பொதுத் தேவை’ என்ற பெயரில் விலக்குக் கேட்கும் மனுக்கள் நிற்பதில்லை. வயலை நிரப்பி எழுப்பிய கிடங்கில் எங்கள் மூடையை வைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

ஏற்கெனவே தொழிலுக்கென்று ஒதுக்கிய நிலம் நகரத்திலேயே இருக்கிறது. பாப்பனங்கோடு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் நேமத்துக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. திருமலைப் பக்கம் விஜயமோகினி மில் 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் நின்றது. தேசிய ஜவுளிக் கழகத்தின் மற்ற ஆலைகளுக்கும் அதே கதிதான். அந்தத் தொழிலாளர்களுக்கு முதலில் நியாயம் கிடைக்க வேண்டும். மில் ஓடுமானால் ஓடட்டும், அதுவே எங்களுக்கு மகிழ்ச்சி. ஓடவே ஓடாது என்று அரசு முடிவு செய்தால் அந்த நிலம் அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறாமல் தொழில் நிலமாகவே நிற்க வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் தொழில் நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போனால், அடுத்த தலைமுறையின் சின்னப் பட்டறைக்காரன் எங்கே போவான்?

எந்தத் தொழில் என்பதிலும் எங்களுக்குக் கருத்து உண்டு. பொதி கட்டுதல், மசாலா அரைத்தல், எண்ணெய் பிழிதல், தயார் ஆடை, தச்சுப்பட்டறை, குளிர்சேமிப்பு, வண்டி பழுதுபார்த்தல் ஆகியவை வரட்டும். சாலைக் கம்போளத்தில் பரம்பரையாக நடந்த வேலைகள் இவை. வீட்டு மாடியிலும் கடைப் பின்கட்டிலும் நெருக்கியடித்து இவற்றைச் செய்வதால்தான் தீப்பிடித்தால் தெருவே எரிகிறது. ரசாயனமும் பிளாஸ்டிக்கும் குவித்து வைக்கும் கிடங்குகள் கம்போளத்தின் சந்துகளை விட்டு வெளியேற வேண்டும் என்று சொல்ல நாங்கள் தயங்கவில்லை. எங்கள் உறுப்பினர்களில் சிலருக்கு இது நட்டம். அவர்களும் சம்மதித்துத்தான் இதை எழுதுகிறோம்.

மாசு செய்யும் தொழிற்சாலைக்கு எங்கள் ஆதரவு கிடையாது. 2021 பிப்ரவரியில் கொச்சுவேளி டைட்டானியம் ஆலையிலிருந்து ஃபர்னஸ் ஆயில் கசிந்து வேளி, சங்குமுகம் கடற்கரை கறுத்ததை இந்த நகரம் பார்த்தது. ஆலை மாசு பற்றி ஊர் பல ஆண்டாகச் சொல்லிய புகாரைக் கேட்காமல் விட்டதன் முடிவைத் தூத்துக்குடி 2018 மே 22 அன்று பார்த்தது. போராடியவர்கள் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போயிற்று. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதைகள் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், நேமம் விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக்கேட்பை ரயில்வே தானாக முன்வந்து நடத்த வேண்டும் என்று கேட்கிறோம். கூட்டம் மலையாளத்திலும் தமிழிலும் நடக்க வேண்டும்.

நீர் வழியைப் பற்றிச் சொல்லும்போது எங்களுக்கு மனம் கனக்கிறது. 2024 ஜூலை 13 அன்று தம்பானூர் ரயில்நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. அந்தப் பகுதியைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்று ரயில்வேயும் மாநகராட்சியும் மாறி மாறிக் கைகாட்டின. ஒரு மனிதன் செத்த பிறகு நடந்த வாக்குவாதம் அது. நேமத்தில் வேலை முடியும் முன்பே, முனையத்தின் அடியிலும் ஓரத்திலும் போகும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் யார் பொறுப்பு, யார் செலவு, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை தூர்வாருவது என்று ரயில்வே, மாநகராட்சி, பாசனத் துறை மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வெளியாக வேண்டும். சாக்கடைக்குள் ஆளை இறக்கும் வேலை எந்த ஒப்பந்ததாரரின் கீழும் நடக்கக் கூடாது. எங்கள் கோரிக்கைகளில் விட்டுக்கொடுக்க முடியாதது இது ஒன்றுதான்.

சுமட்டுத் தொழிலாளர்களைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேசுகிறார்கள். வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்கே கேட்கும் நோக்குக்கூலி 2018 மே 1 முதல் கேரளத்தில் ஒழிக்கப்பட்டது. அதை நாங்கள் வரவேற்றோம். இன்றும் எங்கள் நிலைப்பாடு அதுதான். ஆனால் புதிய முனையத்தில் ஃபோர்க்லிஃப்டும் கிரேனும் வந்தவுடன், வாழ்நாள் முழுவதும் மூடை சுமந்தவனை வாசலில் நிறுத்திவிட்டு வெளியூர் ஒப்பந்த ஆளை உள்ளே விடுவது அநியாயம். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி நலவாரியத்தில் பதிவு செய்த தொழிலாளர்களுக்கு இயந்திரம் ஓட்டப் பயிற்சி கொடுத்து, முதல் உரிமையை அவர்களுக்கே தர வேண்டும். இரவு இறக்குபவர்களுக்கு ஓய்வறை, குடிநீர், கழிப்பறை ஆகியவை முனையத்தின் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

கரமனை – களியிக்காவிளை சாலை கொடிநடை வரை அகலமானபோது கடை முகப்பை இழந்தவர்கள் எங்களுக்கு உறவுக்காரர்கள். சாலை நன்றாயிற்று, எல்லோரும் பயன்படுத்துகிறோம். வாடகைக்குக் கடை நடத்தியவர்களுக்கு மட்டும் நிலத்துக்காரருக்குக் கிடைத்தது போல எதுவும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை இன்னும் ஆறவில்லை. ரயிலுக்காக நிலம் எடுக்கும்போது வாடகைக் கடைக்காரரையும், கூலிக்கு நெய்பவரையும், குத்தகைக்குப் பயிரிடுபவரையும் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் முதலிலேயே சேர்க்க வேண்டும்.

இந்த அறிக்கையின் மலையாள வடிவத்தைத் தென்னக ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்ட மேலாளருக்கும், மாநகராட்சிக்கும், மாவட்டத் தொழில் மையத்துக்கும், இந்தப் பகுதியின் மக்கள் பிரதிநிதிகளுக்கும் அனுப்புகிறோம். எவ்வளவு சரக்கு வரும் என்று ரயில்வே முதலில் கேட்கும். அதற்குக் கணக்கு நம்மிடம் இருக்க வேண்டும். ஆகவே சாலை, ஆரியசாலை, கிள்ளிப்பாலம் வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு மாதத்துக்கு உங்கள் கடைக்கு எந்த ஊரிலிருந்து, என்ன சரக்கு, எத்தனை டன் வந்தது, லாரி வாடகை எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். கடையின் பெயர் வேண்டாம், கணக்கு மட்டும் போதும். மாதம் முடிந்ததும் அதை எங்களிடம் ஒப்படையுங்கள்.