படகும் போகாது, விமானமும் இறங்காது! வடக்கு ஏரிகளில் ஐஸுக்காக ஒரு காத்திருப்பு

செப்டம்பர் கடைசி வாரம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வடமேற்கு மூலையில் இருக்கிற ரெட் லேக் ஊர். விடிகாலையில் படகுத்துறைப் பலகைகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். தண்ணீரில் மிதக்கும் குட்டி விமானத்தின் இறக்கைகளைத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகுதான் பைலட் இன்ஜினைக் கிளப்புவார். உள்ளே நான்கைந்து பேர், தூண்டில்கள், ஒரு வாரத்துக்கான சாப்பாட்டுப் பெட்டிகள். கிளம்பிய சில நிமிடங்களில் சாலை முடிந்துவிடும். மின்கம்பி கிடையாது, செல்போன் டவர் கிடையாது. கீழே காடும் ஏரியும் மட்டும்தான்.

இத்தனை பாடும் மீன் பிடிக்கத்தான்.

ஒன்டாரியோவில் மட்டும் 2,50,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் சாலை இல்லை. அந்த ஏரிக்கரைகளில்தான் மீன்பிடி லாட்ஜ்கள் இருக்கின்றன. லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மாடிக் கட்டடம் நினைவுக்கு வந்தால், அதை மறந்துவிடலாம். இவை மரத்தால் கட்டிய சில குடில்கள். விறகு அடுப்பு, ஜெனரேட்டர், கரையில் கட்டிய அலுமினியப் படகுகள். அவ்வளவுதான். பக்கத்து வீடு என்பது இன்னோர் ஏரியில் இருக்கும்.

கோடையில் இங்கே கூட்டம் வரும். ஆனால், விஷயம் தெரிந்தவர்கள் காத்திருப்பது இலையுதிர் காலத்துக்கு. அதைவிடத் துணிந்தவர்கள் குளிர்காலத்துக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் யாராலும் வரவும் முடியாத, போகவும் முடியாத சில வாரங்கள் உண்டு. அந்த வாரங்களைப் புரிந்துகொண்டால்தான் வடக்கே மீன்பிடிப்பது என்றால் என்னவென்று புரியும்.

ஏரி புரண்டு படுக்கும் காலம்

தண்ணீருக்கு ஒரு விசித்திரமான குணம் இருக்கிறது. குளிரக் குளிர அதன் அடர்த்தி கூடும். ஆனால், 4 டிகிரி செல்சியஸ் வரைதான். அதற்குக் கீழே போனால் மறுபடி லேசாகிவிடும். கோடையில் வடக்கு ஏரிகளில் மேலே வெதுவெதுப்பான தண்ணீர், அடியில் குளிர்ந்த தண்ணீர் என்று இரண்டு அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்து அடியில் இறங்கும். காற்றும் சேர்ந்து அடிக்க, மொத்த ஏரியும் ஒருமுறை புரண்டு கலந்துவிடும். மேலிருக்கும் ஆக்ஸிஜன் அடிவரை போய்ச் சேர்வது இப்போதுதான்.

குளிர்காலம் வரப்போவது மீன்களுக்கும் தெரியும். வயிறு நிறையச் சாப்பிடத் தொடங்கும். நார்தர்ன் பைக் என்ற நீள மூக்கு மீன், கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். பெயர்தான் பைக், வேகத்திலும் குறைச்சல் இல்லை. வால்ஐ என்ற மீனுக்குப் பூனைக்கண். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் கண் என்பதால் மங்கிய ஒளியிலும் இரை தெரியும். அதனால் இது அதிகம் சிக்குவது அந்தி நேரத்தில்.

பிடித்த வால்ஐயை மதியம் ஏதாவது ஒரு பாறைக்கரையில் படகை நிறுத்தி, விறகு மூட்டி, அங்கேயே பொரித்துச் சாப்பிடுவது இந்தப் பயணங்களின் சடங்கு. கூடவே உருளைக்கிழங்கும் வெங்காயமும் வதக்கப்படும், டப்பாவில் அடைத்த பீன்ஸும் இருக்கும். கோடையின் கொசுக்கள் இப்போது இல்லை. இரவு சீக்கிரமே வந்துவிடுவதால் வானத்தில் பச்சையும் ஊதாவுமாக வடதுருவ ஒளி ஆடுவதையும் பார்க்க முடியும். இலையுதிர் காலத்துக்கு ரசிகர்கள் அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், ஒரு மீனை மட்டும் இந்தக் காலத்தில் தொடக்கூடாது. லேக் டிரவுட்! கோடை முழுக்க ஆழத்தில் இருக்கும் இந்த மீன், தண்ணீர் குளிர்ந்ததும் கரையோரப் பாறைத் திட்டுகளுக்கு முட்டையிட வரும். கூடு கட்டாது. இரவில் கற்களின் இடுக்குகளில் முட்டைகளை உதிர்த்துவிட்டுப் போய்விடும். குளிர்காலம் முழுக்க ஐஸுக்கு அடியில் கிடந்து, அடுத்த வசந்தத்தில்தான் அவை பொரியும். அதனால் வடமேற்கு ஒன்டாரியோவின் பல ஏரிகளில் செப்டம்பர் 30-ம் தேதியோடு லேக் டிரவுட் பிடிப்பது முடிந்துவிடும். மறுபடி அனுமதி ஜனவரி 1-ம் தேதிதான்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. குளிர்ந்த நீரில் இந்த மீன் மிக மெதுவாகத்தான் வளரும். 50 வயதைத் தாண்டி வாழ்ந்தவையும் உண்டு. ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டுக் கிடக்கும் கிரேட் பியர் ஏரியில் 1995-ல் தூண்டிலில் சிக்கிய லேக் டிரவுட்டின் எடை 72 பவுண்டு, ஏறக்குறைய 33 கிலோ. அப்படி ஒரு மீனைக் கொன்றுவிட்டால், அதன் இடத்துக்கு இன்னொன்று வளர ஒரு மனித வாழ்க்கையில் பாதி போய்விடும். பெரிய மீனைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விடும் வழக்கம் இந்த லாட்ஜ்களில் வேரூன்றியதற்கு இதுதான் காரணம்.

கதவைச் சாத்தும் வாரம்

அக்டோபரில் கடைசி விருந்தாளி கிளம்பியதும் லாட்ஜை மூடும் வேலை தொடங்கும். குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் அது உறைந்து விரிந்து குழாயைப் பிளந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். படகுகளைக் கரையேற்றிக் கவிழ்க்க வேண்டும். படகுத்துறையை ஐஸ் நசுக்கிவிடாமல் காப்பாற்ற வேண்டும். கரடி நுழையாமல் ஜன்னல்களுக்குப் பலகை அடிக்க வேண்டும். பெரும்பாலான லாட்ஜ்கள் இதோடு மே மாதம் வரை உறங்கப் போய்விடும். குளிர்காலத்திலும் திறந்திருப்பவை கொஞ்சம்தான்.

அப்படித் திறக்கிறவர்களும் உடனே திறந்துவிட முடியாது. இந்த ஊர்களின் உயிர்நாடி, சிறிய விமானங்கள். 1947-ல் டொரன்டோவில் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் பீவர் ரக விமானங்கள் இன்றும் இங்கே ஓடுகின்றன. கோடையில் மிதவைகளை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கும். குளிர்காலத்தில் மிதவைகளைக் கழற்றிவிட்டுச் சறுக்குக்கட்டைகளை மாட்டிக்கொண்டு ஐஸில் இறங்கும். இரண்டுக்கும் நடுவில்? ஏரியில் படகு விட முடியாத அளவுக்கு ஐஸ். ஆனால், விமானத்தையோ மனிதரையோ தாங்க முடியாத ஐஸ். அந்த வாரங்களில் ஏரிக்கரையில் இருப்பவர் அங்கேயே இருக்க வேண்டியதுதான். வெளியே இருப்பவர் வெளியேதான்.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் நவம்பரை 'உறையும் திங்கள்' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். தமிழின் 'திங்கள்' போலவே, அவர்களின் 'கீஸிஸ்' என்ற சொல்லும் நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். அந்த மாதத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, காத்திருப்பது.

எத்தனை சென்டிமீட்டர்?

டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஏரி தயாராகும். தயாரா என்பதைக் காலண்டர் சொல்லாது, அளந்துதான் பார்க்க வேண்டும். அனுபவப்பட்ட வழிகாட்டி இரும்புக் கடப்பாரையால் ஐஸைக் குத்திக்கொண்டே நடப்பார். சில அடிகளுக்கு ஒருமுறை துளையிட்டுத் தடிமனைப் பார்ப்பார். தனியாக ஒருவர் நடக்க 15 சென்டிமீட்டர், ஸ்னோமொபைல் ஓட்ட 25 சென்டிமீட்டர் என்பது கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு. இது தெளிவான நீல ஐஸுக்கு. பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸ் என்றால் பலம் பாதிதான். நீரோட்டம் உள்ள இடங்களில் இந்தக் கணக்கையும் நம்பக் கூடாது. ஒரே ஏரியில் ஓரிடம் லாரியைத் தாங்கும், கூப்பிடு தூரத்தில் இன்னோரிடம் ஆளையே தாங்காது.

பனி அதிகம் பெய்தால் நல்லது என்று தோன்றும். உண்மை தலைகீழ். பனி, ஐஸுக்குப் போர்த்திய கம்பளிபோல. குளிரை உள்ளே விடாது, ஐஸ் தடிக்காது. பனியின் எடை அழுத்தும்போது விரிசல்கள் வழியே தண்ணீர் மேலே கசிந்து, பனிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத சேறாக நிற்கும். வெளியே மைனஸ் 30 டிகிரி இருந்தாலும் அது உறையாமல் கிடக்கும். ஸ்னோமொபைல் அதில் புதைந்தால், நனைந்த காலோடு கரை சேர்வதே பெரும்பாடு.

இத்தனையும் தாண்டி ஐஸில் உட்கார்ந்தால், அது வேறோர் உலகம். இன்ஜினோ பேட்டரியோ பொருத்திய துளைக்கருவியால் ஓர் ஓட்டை. மேலே சின்னக் கூடாரம், உள்ளே சின்ன அடுப்பு. கூடாரத்தில் காற்றோட்டம் இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் உயிரைக் குடித்துவிடும் என்பதால் எப்போதும் ஒரு திறப்பு இருக்கும். அடித் தண்ணீர் சுமார் 4 டிகிரியில் இருப்பதால் மீன்கள் அங்கே மெதுவாக உலவிக்கொண்டிருக்கும். கடிப்பதும் மெதுவாகத்தான். நரம்பில் ஏற்படும் சிறு துடிப்பை விரல் உணர வேண்டும். நடுநடுவே ஏரி உறுமும். ஐஸ் விரிந்து சுருங்கும் சத்தம் அது. புதிதாக வந்தவர்கள் எழுந்து ஓடப் பார்ப்பார்கள், வழிகாட்டி காபி குடித்துக்கொண்டிருப்பார். திருப்பி விடப்போகும் மீனை வெளியே வைத்திருந்தால் கண்ணும் செவுளும் உறைந்துவிடும். முள்ளைக் கழற்றி நொடிகளில் தண்ணீருக்குள் விட்டாக வேண்டும்.

1-10-1

ஐஸ் உடைந்து உள்ளே விழுந்துவிட்டால்? மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர் நீரில் உடலுக்கு என்ன நடக்கிறது என்று அறிய, தானே பலமுறை அதில் இறங்கியவர். 'புரொஃபசர் பாப்சிகிள்' என்பது அவருடைய பட்டப்பெயர். அவர் பரப்பிய பாடம், 1-10-1.

முதல் 1 நிமிடம்: மூச்சு கட்டுப்பாடில்லாமல் இரைக்கும். பதறாமல் மூச்சை நிதானப்படுத்துவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம்: கை, கால் சொன்னபடி கேட்கும் கடைசி நேரம். வந்த திசைக்கே திரும்ப வேண்டும், ஏனென்றால் அதுவரை தாங்கிய ஐஸ் அங்கேதான் இருக்கிறது. கைகளை ஐஸ்மேல் விரித்து, கால்களை உதைத்து, உடலைப் படுக்கைவசமாக்கி மேலே ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே விலக வேண்டும். அடுத்த 1 மணி நேரம்: குளிரால் நினைவு தப்ப ஆகும் காலம். விழுந்த உடனே செத்துவிடுவோம் என்ற பயம்தான் பலரைக் கொல்கிறது. நேரம் இருக்கிறது என்று தெரிந்தவர் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

இது வடகோடி லாட்ஜ்களுக்கு மட்டுமான பாடம் இல்லை. டொரன்டோவில் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கிருந்து சுமார் ஒரு மணி நேர கார் பயணத்தில் இருக்கும் சிம்கோ ஏரியிலும் குளிர்காலத்தில் ஐஸ் மீன்பிடிப்பு பிரபலம்.

தேதி மாறும் ஐஸ்

2020-ல் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்னா ஷர்மா தலைமையிலான குழு, 10 நாடுகளின் குளிர்கால நீர்மூழ்கி மரணங்களை ஆராய்ந்தது. மரணங்கள் அதிகம் நடப்பது கடுங்குளிரில் இல்லை. வெப்பநிலை மைனஸ் 5-க்கும் 0-க்கும் இடையில் இருக்கும் மிதமான குளிர்காலங்களில்தான். பார்க்க வெள்ளையாக, உறுதியாகத் தெரியும் ஐஸ், உள்ளே பலமில்லாமல் இருக்கும்.

2023-24 குளிர்காலம், கனடாவில் பதிவானவற்றிலேயே மிக வெதுவெதுப்பானது. ஐஸ் தாமதமானால் லாட்ஜ்காரருக்கு முன்பதிவுகள் போகும். விமானத்தில் ஏற்றினால் கட்டுப்படியாகாத எரிபொருளையும் மரத்தையும் ஐஸ்மேல் இழுத்துவரும் வாய்ப்பும் போகும். அவரைவிட அதிகம் இழப்பவர்கள் இன்னும் வடக்கே இருக்கிறார்கள். ஒன்டாரியோவில் ஆண்டு முழுக்கச் சாலை வழியே போகக்கூடிய வடகோடி ஊர் பிக்கிள் லேக். அதற்கு அப்பால் இருக்கும் பூர்வகுடிக் கிராமங்களுக்கு, உறைந்த ஏரிகள்மேல் போடும் குளிர்காலச் சாலைதான் ஓராண்டுக்கான டீசலும் கட்டுமானப் பொருளும் வரும் வழி. 2024 பிப்ரவரியில் அந்தச் சாலைகள் உறுதிப்படாததால், 49 பூர்வகுடிச் சமூகங்களின் கூட்டமைப்பான நிஷ்னாபே அஸ்கி நேஷன் அவசரநிலையே அறிவித்தது.

வருடம் முழுக்கப் பணம் சேர்த்து, விடுமுறை வாங்கி, ஆயிரம் மைல் தாண்டி வந்தவருக்கு, "இன்று ஏரிக்குள் போக வேண்டாம்" என்ற சொல் கசக்கத்தான் செய்யும். ஆனால், ஒரு லாட்ஜின் தரத்தை மெத்தையிலோ மீனின் எடையிலோ பார்க்கத் தேவையில்லை. அந்த ஒரு சொல்லைத் தயங்காமல் சொல்லும் வழிகாட்டி அங்கே இருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

மீன் அடியில்தான் இருக்கிறது. அது அடுத்த வாரமும் இருக்கும்.