அரிக்கமேட்டு மணி யாருக்குச் சொந்தம்?



போன மாதம் அரிக்கமேட்டுக்குச் சுற்றுலா போனோம். புதுச்சேரிக்குத் தெற்கே 4 கிலோமீட்டர்தான், அரியாங்குப்பம் ஆற்றங்கரை. "துறைமுகம்னாங்க, ஒரு படகைக்கூட காணோம்" என்று பஸ்ஸில் எல்லோரும் சிரித்தோம். மாந்தோப்பும் இடிந்த செங்கல் தூண்களும்தான் இருந்தன. அந்தத் தூண்கிட்ட நின்று போட்டோ எடுத்தோமே, அது துறைமுகமே இல்லையாம்! 18ஆம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் கட்டியதாம். உண்மையான துறைமுகம் நம் காலுக்குக் கீழே மண்ணுக்குள் இருந்திருக்கிறது.

சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் அங்கே கண்ணாடியை உருக்கி, மெல்லிய குழலாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி மணி செய்தார்கள். மழை பெய்தால் அந்த மணிகள் மேலே தெரியும். அப்படி ஒன்று இப்போது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. ஆமாம், நானும் எடுத்தேன். இன்னும் சில பேரும் எடுத்தார்கள். பேர் எழுத மாட்டேன், பயப்படாதீங்க.

முதலில் எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. அப்புறம் சமூக அறிவியல் டீச்சர் ஒரு விஷயம் சொன்னார்கள். 1944ல் மார்ட்டிமர் வீலர் என்பவர் சென்னை அருங்காட்சியக அலமாரியில் ஜாடியின் உடைந்த கழுத்தும் காதும் ஒட்டிய ஒரு துண்டைப் பார்த்தார். ரோமானியர்கள் மது கொண்டுவரும் ஜாடி அது. எங்கே கிடைத்தது என்று விசாரித்து, அரிக்கமேடு என்று தெரிந்ததும் 1945ல் வந்து தோண்டினார். இத்தாலியில் செய்த பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஏற்கெனவே தெரியும். அதனால் அதே மண் அடுக்கில் கிடந்த நம்ம ஊர்ப் பானைகளின் காலத்தையும் சொல்ல முடிந்தது.

எங்கே கிடைத்தது என்று தெரியாமல் இருந்திருந்தால் அந்த ஜாடித் துண்டு வெறும் ஓடுதானே?

என் பக்கத்து பெஞ்ச் தோழி சும்மா விடவில்லை. "சின்னப் பிள்ளைங்க பொறுக்கினதாலதாண்டி அந்த இடமே வெளியில தெரிஞ்சுது" என்றாள். அதுவும் நிஜம்தான். 1930களில் புதுச்சேரியில் இருந்த ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர் அந்த ஊர்ப் பிள்ளைகளிடம்தான் மணிகளை வாங்கிப் பார்த்தார். ஆனால் அவர்கள் கொண்டுபோய்க் காட்டினார்கள். நாம் ஒளித்தல்லவா வைத்திருக்கிறோம்? "மேலே கிடந்ததுதானே, ஒண்ணே ஒண்ணுதானே" என்று சொல்லலாம். நம் பஸ்ஸில் மட்டும் 52 பேர். வருஷத்துக்கு எத்தனை பஸ் போகும்!

அடுத்த வருஷம் போகிறவர்கள் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் நிறைய மணி வைத்திருக்கிறார்கள், ஆசை தீரப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை என் மணியை ஒரு கவரில் போட்டு டீச்சரிடம் கொடுக்கப் போகிறேன், அருங்காட்சியகத்தில் சேர்க்கச் சொல்லி. மற்றவர்களும் கொடுங்கள். எந்த மரத்தடியில் எடுத்தீர்கள் என்று ஞாபகம் இருந்தால் கவர் மேலே எழுதிவிடுங்கள். நானும் எழுதலாம் என்று நேற்று ராத்திரி பூரா யோசித்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி